உன்னைச் சொல்லும் சொல்

தினேஷ்,

நீ ஓசூர் போய்ச் சேர்ந்துவிட்டாய் என்று மேகலா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பரவாயில்லை, அண்ணனும் தங்கையும் பேசிக்கொண்டால் எங்களுக்கு அதுவே போதும். இங்கே கல்யாண வீட்டுக் களைப்பு இன்னும் தீரவில்லை. உன் அம்மா இரவல் வாங்கிய அண்டாக்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள், நான் பந்தல்காரரோடு பேசிக்கொண்டிருக்கிறேன். ஆனால் மண்டபத்தில் நடந்த ஒன்று எனக்குள் கிடந்து அரித்துக்கொண்டே இருக்கிறது. பந்தி நடந்துகொண்டிருந்தபோது கை கழுவும் இடத்தில் ஒருவர் என்னைத் தனியே அழைத்தார். ஜெயங்கொண்டம் பக்கத்து விவசாயி, மாப்பிள்ளைக்குத் தூரத்து உறவு. ஈரக் கையைத் துண்டில் துடைத்தபடியே, "தப்பா எடுத்துக்காதீங்க. எங்க வூட்டுலயும் உங்க புள்ள மாதிரி ஒன்னு இருக்கு. ப்ளஸ் டூ படிக்குது. நீங்க எப்படிங்க பழகுனீங்க?" என்று கேட்டார். "போகப் போகப் பழகிடுங்க" என்று மட்டும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அது பதிலே இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றியது. அதனால் இதை எழுதுகிறேன். உனக்குத்தான் எழுதுகிறேன். நீ சம்மதித்தால் அவருக்கும் காட்டலாம், யாருக்கும் காட்டலாம்.

உனக்கு எழுதுவது எனக்குச் சிரமமாகவே இல்லை. காரணம், உன்னிடம் பேசும்போது 'நீ' என்று சொன்னால் போதும். நம் மொழியில் 'நீ'யில் ஆணும் கிடையாது, பெண்ணும் கிடையாது. எனக்கு வந்த கஷ்டமெல்லாம் உன்னைப் பற்றி இன்னொருவரிடம் பேசும்போது வந்ததுதான். ஒரு கண்டக்டருக்கு இது வரக்கூடாத கஷ்டம். பஸ்ஸில் ஏறுகிற ஆளை ஒரு பார்வை பார்த்து, அக்காவா, தம்பியா, பெரியவரா என்று முடிவு செய்து, அதற்கேற்ற சொல்லைப் போட்டுக் கூப்பிடுவதுதான் எனக்கு ஆயுசு முழுக்கப் பிழைப்பு. "பாப்பா உள்ள வாம்மா", "தம்பி படிய விட்டு மேல ஏறு" என்று வாய் தானாகப் பேசும். உடம்பைப் பார்த்தால் சொல் வந்துவிடும். அந்த வாய், சொந்த வீட்டில் வந்து திக்கி நின்றது.

டிப்ளமோ முடித்த வருஷம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ அதை எங்களிடம் சொன்னாய். முந்தின நாள்தான் முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்திருந்தாய். அம்மா அதற்காகத் திட்டி ஓய்ந்திருந்தாள். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அப்பா, நான் பொண்ணு இல்ல" என்றாய். எனக்கு விளங்கவில்லை. "பின்ன?" என்று கேட்டேன். சண்டை போடக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியாமல்தான் கேட்டேன். நீ அழவில்லை. நெடுநாளாகச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தவன் மாதிரி நிதானமாகச் சொன்னாய். "நான் வந்தேன், நான் போனேன்னு சொல்றப்ப எனக்கு ஒன்னும் இல்லப்பா. அதுல எனக்கு எடம் இருக்கு. நீங்க யார்கிட்டயாவது, 'வந்துட்டா, போயிட்டா, தூங்குறா'ன்னு என்னைச் சொல்றப்ப, வேற யாரோ ஒரு பொண்ணப் பத்திப் பேசுற மாதிரி இருக்கு. நான் திரும்பிப் பாத்தா அங்க யாருமே இல்ல." அம்மா எழுந்து போய்விட்டாள். நான் உட்கார்ந்திருந்தேன். நீ சொன்னது முழுக்கப் புரிந்தது என்று சொன்னால் பொய். ஆனால், வருஷக்கணக்காக நாம் வாய்க்கு வந்தபடி சொன்ன ஒரு சின்ன எழுத்து பிள்ளைக்கு முள்ளாகக் குத்தியிருக்கிறது என்ற அளவுக்குப் புரிந்தது.

அதற்குப் பிறகு என் வாய் மறைந்துகொள்ள இடம் தேடியது. தமிழில் அதற்கு இடம் உண்டு. நம் பக்கத்தில் பெண்பிள்ளையையும் 'புள்ள' என்போம், ஆண்பிள்ளையையும் 'புள்ள' என்போம். அம்மா அந்தச் சொல்லுக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். "புள்ள சாப்புட்டுச்சா, புள்ள வந்துச்சா" என்பாள். நான் 'அவங்க' என்பதற்குள் புகுந்துகொண்டேன். அவங்க வந்தாங்க, அவங்க ஓசூர்ல வேலைக்குச் சேந்துட்டாங்க. குரும்பலூர் கடைவீதியில் ஒருவர், "என்னய்யா, பெத்த புள்ளைக்கு இம்புட்டு மரியாதை! கலெக்டரா ஆயிடுச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்தேன். மரியாதை என்று அவர் நினைத்தது என்னுடைய பயம். மேகலாவுக்கு அந்தத் தொல்லையே இல்லை. பத்தாம் வகுப்பில் இருந்தாள். அக்கா அக்கா என்று உன் பின்னாலேயே திரிந்தவள், மறுநாள் காலையில் "அண்ணா, சீப்ப எங்க வச்ச?" என்று கேட்டாள். அம்மா அவளை முறைத்தாள். "எனக்கு என்னம்மா, சண்டை போட ஒரு ஆளு இருந்தா சரி" என்று சொல்லிவிட்டுத் தலை சீவப் போய்விட்டாள். பெரியவர்கள் நாங்கள் வருஷக்கணக்கில் நடந்த தூரத்தை அவள் ஒரே எட்டில் தாண்டினாள்.

பெயர் விஷயமும் எழுதிவிடுகிறேன். நாங்கள் வைத்த பழைய பெயரை இந்தக் கடிதத்தில் எழுதப்போவதில்லை. நீ புதிதாக வைத்துக்கொண்ட பெயரைக் கேட்டபோது எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. ஒரு செழியன், ஒரு பாரி என்று நல்ல தமிழ்ப் பெயராக வைத்துக்கொள்வாய் என்று நினைத்திருந்தேன். "தினேஷா? தடுக்கி விழுந்தா ஒரு தினேஷ் மேலதானடா விழணும். எம் பஸ்ஸுலயே எத்தனை தினேஷ் ஏறுறான்" என்றேன். "அதான்ப்பா வேணும். கூட்டத்துல ஒருத்தனா இருக்கணும். பேரச் சொன்னா யாரும் திரும்பிப் பாக்கக் கூடாது" என்றாய். பிள்ளைகள் பேரும் புகழும் பெற்று நாலு பேர் திரும்பிப் பார்க்க வாழவேண்டும் என்றுதான் எல்லா அப்பனும் நினைப்பான். யாரும் திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடப்பதையே பெரிய ஆசையாக வைத்திருக்கிற பிள்ளையை அன்றுதான் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் எனக்குக் குறை தெரியவில்லை.

உடம்பைப் பற்றி நாம் இருவரும் பேசியதே இல்லை. நம் வீட்டில் காய்ச்சல், தலைவலிக்கு மேல் உடம்பைப் பற்றிப் பேசும் வழக்கம் கிடையாது. ஆனால் நான் பார்த்திருக்கிறேன். வயசுக்கு வந்த பிறகு நீ கூன் போட்டு நடக்க ஆரம்பித்தாய். புத்தகப் பையை முதுகில் மாட்டாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போவாய். வேகாத வெயிலிலும் சட்டைக்கு மேல் சட்டை போடுவாய். "நிமிந்து நடடி, கெழவி மாதிரி" என்று அம்மா தினமும் கத்துவாள். யாராலும் நிமிர்த்த முடியவில்லை. ஓசூர் போய், டாக்டரைப் பார்த்து, ஹார்மோன் ஊசி போட ஆரம்பித்து, சில மாதம் கழித்து ஒரு நாள் போன் செய்தாய். "அப்பா" என்றது ஒரு கரகரத்த குரல். "யாருங்க பேசுறது?" என்று கேட்டேன். "நான்தான்ப்பா" என்றாய். கேட்டுவிட்டோமே என்று எனக்கு வருத்தமாகிவிட்டது. ஆனால் உன் குரலில் வருத்தம் இல்லை, ஒரு துள்ளல்தான் இருந்தது. பழைய குரலை இனிக் கேட்க முடியாது என்று அன்று சாயங்காலம் எனக்கு மனசு கேட்கவில்லை என்பது உண்மை. அம்மாவுக்கும்தான். அடுத்த பொங்கலுக்கு நீ வந்து இறங்கினாய். மேல் உதட்டில் லேசாக மீசை. நீ நிமிர்ந்து நடந்து வந்தாய். அம்மா வாசலில் நின்று உன் முகத்தைப் பார்க்கவில்லை, உன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் பொங்கலுக்கு முந்தின நாள்தான் நீ என் பஸ்ஸில் ஏறினாய். பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் ஓசூர் வண்டியை விட்டு இறங்கி, குரும்பலூர் டவுன் பஸ்ஸுக்கு வந்தாய். என் டியூட்டி என்று உனக்குத் தெரிந்திருக்காது. பஸ் நிரம்பி வழிந்தது, கரும்புக் கட்டு வேறு. டிக்கெட் போட்டுக்கொண்டே பின்னால் வந்தேன். ஆண்கள் பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ நின்றாய். டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு கிடையாது. அவர்களுக்கு வேறு சீட்டு, ஆண்களுக்கு வேறு சீட்டு. உன் கையில் ரூபாய் நோட்டு இருந்தது. "ஒரு குரும்பலூர்" என்றாய், வேறு யாரோ ஒரு கண்டக்டரிடம் கேட்பது மாதிரி. சுற்றிலும் நம்மைத் தெரிந்தவர்கள். உன்னைப் பாவாடை சட்டையில் பார்த்தவர்கள். எல்லாரும் என் கையையே பார்ப்பது போல் இருந்தது. நான் காசை வாங்கினேன், ஆண்களுக்கான சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன், மீதிச் சில்லறையையும் கொடுத்தேன். பூக்கார அம்மா ஒருத்தி பக்கத்து சீட்டில் இருந்துகொண்டு, "ஏங் கண்டக்டரே, பெத்த புள்ளகிட்டயே காசு வாங்குறீங்களே!" என்றாள். "ஆம்பளைங்களுக்கு டிக்கெட் உண்டும்மா" என்றேன். கண்டக்டர் குரல் எனக்கு, கடைசி சீட்டு வரை கேட்டிருக்கும். நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். உன் தோள் குலுங்கியது. சிரித்தாயா, அழுதாயா என்று நான் கேட்கவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு எனக்கும் ஒன்று நடந்தது. உனக்குச் சிரிப்பாக இருக்கும். அரியலூர் போகிற பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். "தாத்தா, அப்படியே முன்னாடி போங்க" என்றான் ஒரு சின்னக் கண்டக்டர். எந்தக் கிழவரைச் சொல்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. அவன் தப்பாகச் சொல்லவில்லை. நரைத்த தலையும் தளர்ந்த உடம்பும் எனக்கு இருக்கிறது. ஆனால் அந்தச் சொல்லுக்குள் நான் இல்லை. உள்ளே இருக்கிறவன் இன்னும் ஓடுகிற பஸ்ஸில் தொற்றி ஏறுகிறவன். வழி முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது. எனக்கு அது ஒரு நாள் கூத்து. நீ பிறந்ததிலிருந்து அப்படி ஒரு சொல்லைச் சுமந்திருக்கிறாய். இரண்டும் ஒன்றல்ல என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதில் விளங்காமல் இருந்த பாதி, அந்த அரியலூர் பஸ்ஸில்தான் எனக்கு விளங்கியது.

இப்போது மேகலா கல்யாணம். நீ அறியாத ஒரு பகுதி இதில் இருக்கிறது. ரெட்டிபாளையத்திலிருந்து பெண் பார்க்க வந்தபோது நீ ஊரில் இல்லை. மாப்பிள்ளை சரவணனின் அப்பா, "உங்களுக்கு எத்தனை புள்ளைங்க?" என்று கேட்டார். "ரெண்டு புள்ளைங்க" என்றேன். "மூத்தது?" என்றார். அம்மா காபித் தட்டோடு நின்றுவிட்டாள். மறைத்துக் கல்யாணம் செய்தால் பின்னால் மேகலாதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். "மூத்தவன் பையங்க. பொண்ணா பொறந்து, பொண்ணாத்தான் வளத்தோம். இப்ப பையனா இருக்கான். ஓசூர்ல வேலை" என்றேன். காபியைக் குடித்துவிட்டு, "சொல்லி அனுப்புறோங்க" என்று கிளம்பிவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து அவரே போன் செய்தார். பெண்ணைப் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு விஷயம், உங்கள் மூத்த பிள்ளை மேடைக்கு வர வேண்டாம் என்றார். மேகலாவிடம் சொன்னேன். "அப்ப எனக்கு இந்தக் கல்யாணமே வேணாம்" என்றாள். உன்னிடம் அம்மா, மேடைக்கு வர வேண்டாம் என்கிறார்கள் என்ற பாதியை மட்டும் சொன்னாள். நீ, "நான் பந்தியில நின்னு பரிமாறிக்கிறேம்மா, அவ நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாய். மேகலாவுக்குச் சரவணனைப் பிடித்திருந்தது எனக்குத் தெரியும். நீ சொன்னதைக் கேட்டும் தாங்க முடியவில்லை. யாரிடமும் சொல்லாமல் ரெட்டிபாளையத்துக்குப் பஸ் ஏறினேன்.

நல்ல மனிதர் அவர். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்துவிட்டு, "எனக்கு உங்க புள்ள மேல ஒரு கோவமும் இல்லீங்க. மாப்பிள்ளைக்கு மாலை போட, பொண்ணோட அண்ணன் வாங்கன்னு மேடையில கூப்புடுவாங்க. அப்ப எவனாச்சும் ஒருத்தன் சிரிச்சுட்டா அந்தச் சிரிப்பு எம் பையன் தலையில வந்து உக்காரும். அதான் எனக்குப் பயம்" என்றார்.

"நியாயந்தாங்க. சிரிப்பாங்க, நான் பாக்காத சிரிப்பு இல்ல. ஆனா அவன் பந்தியில நின்னாலும் சிரிக்கறவன் சிரிக்கத்தான் போறான். அப்பனே ஒளிச்சு வச்சிருக்கான்னு அதையும் சேத்துச் சிரிப்பான். எனக்கு இருக்கறது ஒரே மவன். அவன் நிக்க வேண்டிய எடத்துல நான் வேற யார நிறுத்துறது, நீங்களே சொல்லுங்க" என்றேன். அந்த 'மவன்', 'அவன்' எல்லாம் பஸ்ஸில் வரும்போது வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பழகிக்கொண்டு போனது.

அப்போது சரவணன் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்தான். புருவத்தில்கூடத் தூசி. என்னைப் பார்த்துத் திகைத்து, அப்பாவிடம் விஷயத்தைக் கேட்டுக்கொண்டான். அவனுக்கு அந்த நிபந்தனையே தெரிந்திருக்கவில்லை. "மச்சான் வராம எப்படிப்பா? என்னையக் கையப் புடிச்சு மேடைக்குக் கூட்டிட்டுப் போறது யாரு?" என்றான். "கூட்டத்துல எவனாச்சும்..." என்று அவர் ஆரம்பித்தார். "அத நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். "மாமா, மச்சானுக்குச் சட்டை அளவு என்ன? துணி எடுக்கணும்ல" என்றான். எனக்கு உன் சட்டை அளவு தெரியவில்லை, தினேஷ். நீ ஆண் சட்டை போட ஆரம்பித்த பிறகு ஒரு சட்டைகூட நான் எடுத்துக் கொடுத்ததில்லை. "நீயே கேட்டுக்கப்பா" என்று உன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். அன்று சாயங்காலம் புது நம்பரிலிருந்து யாரோ "மச்சான்" என்று கூப்பிட்டதாக நீ மேகலாவிடம் ஆச்சரியப்பட்டாயாம். அதற்கு முந்தின கதை இதுதான்.

அரியலூர் மண்டபத்தில் நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நீ முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாய், பின்னால் நின்ற எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். "பொண்ணோட அண்ணன் வாங்க" என்று கூப்பிட்டதும் நீ மாலையோடு எழுந்தாய். அப்போது முன் வரிசையிலிருந்து என் அக்கா, உன் அத்தை, பழைய பெயரைச் சொல்லி, "போ ஆயி, போயி மாலையப் போடு" என்றாள். கெட்ட எண்ணமில்லை, பழகிய வாய். உன் கால் நின்றுவிட்டது. பின்னால் யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். நான் முன்னால் போக எத்தனித்தேன். அதற்குள் அம்மா, இத்தனை வருஷம் 'புள்ள' என்ற சொல்லை விட்டு வெளியே வராத உன் அம்மா, தாம்பாளத்தைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணி, அவன் பேரு தினேஷ்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அத்தை வாயில் கை வைத்துக்கொண்டாள். நீ நடந்தாய். நீ உயரம் குறைவு. சரவணன் தேவைக்கு மேலேயே குனிந்து கொடுத்தான். அவன் கையைப் பிடித்து நீ மேடைக்குக் கூட்டிப்போனபோது என் கண்ணுக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை.

எனக்கு உபதேசம் செய்ய வராது. ஆனாலும் அப்பன் என்ற முறையில் இரண்டொன்று சொல்லிக்கொள்கிறேன். வயதானவர்கள் வாய் தவறும்போது பொறுத்துக்கொள். வேண்டுமென்றே சொல்கிறவர்களைப் பொறுக்காதே, அங்கே பொறுமைக்கு அவசியம் இல்லை. டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதே. அடுத்து ஏதாவது ஆபரேஷன் என்று முடிவு செய்தால் தனியாகப் போய்ப் படுக்காதே, கூட இருக்க நான் வருவேன். ஒன்றை ஒப்புக்கொள்ளவும் வேண்டும். நீ சின்னப் பிள்ளையாக என் தோளில் தூங்கியதையெல்லாம் நினைக்கும்போது, சில சமயம் பழைய பெயரும் கூடவே வந்துவிடுகிறது. அதை நான் விரட்டுவதில்லை. வெளியே சொல்வதும் இல்லை. அந்தக் குழந்தையைத் தொலைத்துவிட்டு உன்னை வாங்கிக்கொண்டதாக நான் நினைக்கவில்லை. அப்போதும் நீதான், எனக்குத்தான் சொல் தெரியவில்லை.

நேற்று பெரம்பலூர் போயிருந்தேன். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் என்னோடு வேலை பார்த்த பழைய டிரைவர் ஒருவரைப் பார்த்தேன். மகள் கல்யாணத்தைப் பற்றி விசாரித்துவிட்டு, "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டார்.

"எங்கண்ணே, போன் பண்ணா எடுக்க மாட்டேங்குறான். எடுத்தாலும் 'ம்'ங்குறான், 'சரி'ங்குறான், வச்சுடுறான். வூட்டுக்கு வந்தா பொழுது முச்சூடும் தூங்குறான். அழுக்குத் துணியெல்லாம் மூட்டை கட்டி அவங்கம்மாகிட்டக் குடுத்துட்டுப் போறான். இந்த வயசுக்கு ஒரு பொறுப்பு வேணாம்?" என்று கொட்டித் தீர்த்தேன்.

"எல்லா வூட்லயும் இதே கதைதான். எம் மவன் மட்டும் என்ன ஒழுங்கு?" என்றார் அவர். இரண்டு பேரும் தலையை ஆட்டிக்கொண்டு டீயைக் குடித்து முடித்தோம்.

குரும்பலூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஊர் எல்லை வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அத்தனை பேச்சிலும் ஓர் இடத்தில்கூட நான் சொல்லைத் தேடவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமையாவது போனை எடு.

அப்பா